பரதேசிகளை அழைத்த ஊராத்துறை

குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகுக்காகக் காத்திருந்தோம். கூட வந்த மாணவன் ஒருவன் கேட்டான்: "சேர், பரதேசி எண்டால் பிச்சைக்காரன் தானே?"

நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள கல்வெட்டில் அந்தச் சொல் வருவதாகச் சற்றுமுன் சொல்லியிருந்தேன். அங்கே அதன் பொருள் பிறநாட்டு வணிகன். பொலன்னறுவையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) தமிழிலே பொறித்த ஆணை அது. பரதேசிகள் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. அரசனுக்காக யானை, குதிரை ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்கென்றால் பாதிக்குப் பாதி.

இந்தத் தாராளத்தைப் புரிந்துகொள்ள எதிர்க்கரையையும் பார்க்க வேண்டும். 1160களின் கடைசியில் மதுரை அரியணைக்காகப் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் மோதினர். முன்னவன் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டான். படை போய்ச் சேருமுன்பே கொல்லப்பட்டான். ஆனாலும் தளபதி இலங்காபுரன் இராமேசுவரத்தில் இறங்கி, தப்பிய மகன் வீரபாண்டியனுக்காகப் போரிட்டான். குலசேகரன் சோழரிடம் போனான். சோழப்படை இலங்கைப் படையை முறியடித்து அவனை மதுரையில் இருத்தியது.

பராக்கிரமபாகு விடவில்லை. ஊராத்துறை, மாதோட்டம், வலிகாமம் முதலிய இடங்களில் கப்பலும் படையும் திரட்டினான் என்கிறது சோழரின் திருவாலங்காட்டுக் கல்வெட்டு. சோழரோ அவனுடைய மருமகனும் இலங்கை முடிக்கு உரிமை கோரியவனுமான ஸ்ரீவல்லபனைப் படையோடு அனுப்பினார்கள். இந்தத் துறைகள் தாக்கப்பட்டன, யானைகள் பிடிபட்டன.

பிறகுதான் வேடிக்கை. பராக்கிரமபாகு பழைய எதிரி குலசேகரனுக்கே பரிசு அனுப்பி உறவாடினான். அவனும் சோழர் செய்த உதவியை மறந்து இணங்கினான். உடனே சோழர் அவனை இறக்கிவிட்டு, தாம் எதிர்த்த வீரபாண்டியனையே அரியணையில் ஏற்றினார்கள்! பின்னாளில் அவனும் இலங்கைப் பக்கம் சாய, மூன்றாம் குலோத்துங்கன் அவனையும் நீக்கினான். கரும்பலகையில் கோடு போட்டுத்தான் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்த முடிகிறது.

இதைத் தமிழர்–சிங்களவர் சண்டையாக வாசிப்பவர்கள் உண்டு. பாண்டியன் சிங்கள அரசனை அழைக்கிறான். சிங்கள இளவரசன் சோழப்படையோடு மாமனின் துறைக்கே வருகிறான். சிங்கள அரசன் தமிழில் ஆணை எழுதுகிறான். அந்த வாசிப்பு இதில் எங்கே ஒட்டும்?

குதிரைக்கு ஏன் கூடுதல் சலுகை? நல்ல குதிரைகள் அரபு, பாரசீகக் கரைகளிலிருந்துதான் வந்தாக வேண்டும். எதிர்க்கரையிலும் வாங்க ஆளிருந்தது. உடைந்த கப்பலை முழுதாய்ப் பறிக்கிற துறைக்கு எந்த வணிகன் வருவான்? வந்த பரதேசிகள் இன்னார் என்று கல்வெட்டு சொல்லவில்லை. ஆனால் சிங்களத்தில் எங்களை இன்றும் 'மரக்கல' என்கிறார்கள். கல்வெட்டில் அந்த 'மரக்கலம்' எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லி, படகு வருமுன்பே பையன் அவசரப்படுத்தினான்.