மருந்து கேட்குமா, கேட்காதா? குடலில் இருக்கிறது ரகசியம்!

ஒரே புற்றுநோய். ஒரே மருந்து. ஒருவர் எழுந்து நடமாடுகிறார். பக்கத்துக் கட்டில்காரருக்கோ மருந்து கேட்கவே இல்லை. ஏன் இப்படி?

இதற்குப் பதில் தேடி நோயாளிகளின் மலத்தைச் சோதித்தவர், ஜெனிபர் வார்கோ என்ற அமெரிக்கப் பெண் டாக்டர். முதலில் நர்சு வேலை பார்த்தவர். பிறகு டாக்டருக்குப் படித்து, அறுவை சிகிச்சை நிபுணர் ஆனார். 2013-ல் ஹூஸ்டன் நகரில் உள்ள எம்.டி.ஆண்டர்சன் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்.

'பிரேக்' எடுக்கும் மருந்து

நோயை எதிர்த்துச் சண்டை போடும் அணுக்கள் நம் உடம்பில் உண்டு. புற்றுநோய்க் கட்டி தந்திரமாக அவற்றுக்கு 'பிரேக்' போட்டுவிடும். அந்தப் பிரேக்கை எடுத்துவிடுவதுதான் இந்தப் புதுவகை மருந்து. செலவோ லட்சக்கணக்கில்!

மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்த 43 பேரின் மலத்தை வார்கோ குழு ஆராய்ந்தது. (இந்த நோய் வெள்ளைக்காரர்களிடம்தான் அதிகம்.) மருந்து கேட்ட 30 பேரின் குடலில் வகை வகையான பாக்டீரியாக்கள்! கேட்காத 13 பேரிடம் அவ்வளவு வகை இல்லை. இரு தரப்பு மலத்தையும் எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். மருந்து கேட்டவர்களின் மலத்தைப் பெற்ற எலிகளுக்குக் கட்டி வளர்வது குறைந்தது.

2018-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த இந்தக் கட்டுரையில் முதல் பெயர் வாஞ்சேஸ்வரன் கோபாலகிருஷ்ணன். ஆமாம், தமிழ்ப் பெயரேதான்!

2021-ல் பிட்ஸ்பர்க் நகர டாக்டர்கள் இன்னும் துணிந்தார்கள். மருந்து கேட்காத 15 நோயாளிகளின் குடலில், கேட்டவர்களின் மலத்தைப் பக்குவப்படுத்திச் செலுத்தி, மறுபடி மருந்து கொடுத்தார்கள். 6 பேருக்குப் பலன் கிடைத்தது. முகம் சுளித்து என்ன பயன்? உயிர் அல்லவா பெரிது!

கூழுக்கு மவுசு

அதே 2021-ல் வார்கோ குழு வெளியிட்ட இன்னொரு ஆய்வை, நெட்டுக்குப்பத்திலும் காசிமேட்டிலும் கூழ் குடித்து வளர்ந்தவர்கள் கவனிக்கலாம். தினம் 20 கிராமுக்குக் குறையாமல் நார்ச்சத்து சாப்பிட்ட நோயாளிகளுக்கு, நோய் முற்றாமல் நின்ற காலம் அதிகம். 'நல்ல பாக்டீரியா' என்று கடையில் விற்கும் மாத்திரைகளைச் சாப்பிட்டவர்களுக்கு ஒரு நன்மையும் தெரியவில்லை.

100 கிராம் கேழ்வரகில் சுமார் 11 கிராம் நார்ச்சத்து. தீட்டிய அரிசியில் 3 கிராம்கூடத் தேறாது. கூழை இளக்காரமாக நினைத்துப் பரோட்டாவுக்கு மாறியவர்கள் கொஞ்சம் யோசிக்கட்டும்.

அதற்காக, கூழ் குடித்தால் கேன்சர் ஓடிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. வைத்தியத்தை விட்டுவிட்டுக் கூழ்ப்பானையைத் தேடினால் ஆபத்து. வயிறு, குடல் ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டை மாற்றக் கூடாது.

இன்னொரு விஷயம். லேசாகக் காய்ச்சல் என்றாலே மருந்துக் கடையில் தானாக ஆண்டிபயாடிக் வாங்கி விழுங்குகிறோமே, அது குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொன்றுவிடும். ஆண்டிபயாடிக் சாப்பிட்ட புற்றுநோயாளிகளுக்கு இந்த லட்ச ரூபாய் மருந்து சரியாகக் கேட்கவில்லை என்று பாரீஸ் ஆராய்ச்சியாளர்கள் 2018-லேயே கண்டறிந்தார்கள்.