வெளிப்பொருத்து மோட்டாரில் சீரற்ற ஐட்லிங்

படகின் பின்பலகையில் மாட்டப்படும் வெளிப்பொருத்து மோட்டார், வேகத்தைக் குறைத்தவுடன் ஒரே சீராக ஓடாமல் திணறுவதும், குலுங்குவதும், நின்றுபோவதும் சீரற்ற ஐட்லிங் எனப்படும். கார்புரேட்டர் உள்ள பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார்களில் இது பரவலான கோளாறு.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் துறைகளிலுள்ள பெரிய விசைப்படகுகள் டீசலில் ஓடுபவை. அவற்றுக்குக் கார்புரேட்டர் கிடையாது. கட்டுமாவடி முதல் மீமிசல் வரையுள்ள கரையில் வெளிப்பொருத்து மோட்டாருடன் ஓடும் சிறிய ஃபைபர் படகுகளுக்கே இக்கட்டுரை பொருந்தும். வலை வாங்கும் நேரத்தில் மோட்டார் மெதுவாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அப்போது நின்றுவிட்டால், படகு நீரோட்டத்தோடு தன் வலைமீதே ஏறிவிடக்கூடும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

முழு வேகத்தில் மோட்டார் எப்படி ஓடுகிறது? விடை தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும். கார்புரேட்டரில் எரிபொருளுக்கு இரண்டு வழிகள் உண்டு. வேகமாக ஓடும்போது பெரும்பகுதி மெயின் ஜெட் வழியாக வருகிறது. ஐட்லிங்கில் பைலட் ஜெட் எனும் ஊசித்துளை மட்டுமே வேலை செய்கிறது. வேகத்தில் நன்றாக ஓடி, மெதுவில் மட்டும் திணறினால் முதல் சந்தேகம் பைலட் ஜெட்மீதுதான். இரண்டிலும் திணறினால் எரிபொருள் வரத்து, தீப்பொறி, கம்ப்ரஷன் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

கரையில் பலர் செய்வது வேறு: ஐட்லிங் திருகை முறுக்கி வேகத்தைக் கூட்டிவிடுவார்கள். சத்தம் சீராகும், கோளாறு அப்படியே இருக்கும். கூடுதல் வேகத்தில் கியர் போடும்போது ஒவ்வொரு முறையும் பற்சக்கரங்கள் அடிவாங்கும். இது மருந்தன்று, வலிநிவாரணி.

எரிபொருள்

புயல் எச்சரிக்கைக் காலங்களில் படகுகள் நாள்கணக்கில் கரையில் நிற்கும். கார்புரேட்டர் கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் ஆவியாகி, ஆயில் கலந்த பிசின் மிஞ்சும். துளைகளில் மிகச் சிறியதான பைலட் ஜெட்டே முதலில் அடைபடும். இந்தியாவில் இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் மிகுந்தால் நீரோடு பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். பழைய ரப்பர் குழாய்களையும் அது நைந்துபோகச் செய்யும்.

மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார்களைப் பெட்ரோலில் கிளப்பிச் சூடேறிய பிறகே மாற்ற வேண்டும். மெதுவாக ஓடும்போது இஞ்சின் சூடு குறைவதால் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது; பிளக்கில் கரி படியும். நிறுத்துவதற்குச் சில நிமிடங்கள் முன்பு மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றினால் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்காது. இந்தச் சிறு பழக்கத்தால் பல நாள் வேலை மிச்சமாகும்.

திணறும்போது எரிபொருள் குழாயிலுள்ள ரப்பர் பந்தை அழுத்திப் பார்க்கலாம். ஓட்டம் சீரானால் பம்ப் சவ்வு கிழிந்திருக்கலாம், அல்லது குழாய் இணைப்பில் காற்று புகுந்திருக்கலாம். மோசமானால், கிண்ணத்தின் மிதவை ஊசி சரியாக மூடவில்லை என்று கருதலாம்.

பிளக்

இரண்டு சிலிண்டர் மோட்டாரில் இரு பிளக்குகளையும் கழற்றி ஒப்பிட வேண்டும். இளம்பழுப்பு நிறம் நலம். ஒன்று மட்டும் நனைந்து கறுத்திருந்தால் அந்தச் சிலிண்டரில் தீப்பொறி இல்லை என்று ஐயுறலாம். உலர்ந்து வெளுத்திருந்தால் எரிபொருள் போதவில்லை. உப்புக் காற்றில் பிளக் தொப்பியின் உட்புறம் பச்சை பூத்திருப்பதும் வழக்கம்.

கார்புரேட்டரைச் சுத்தம் செய்தல்

கலவைத் திருகைக் கழற்றுமுன், அதை மெல்ல உள்ளே முறுக்கி எத்தனை சுற்றில் நிற்கிறது என்று எழுதிக்கொள்ள வேண்டும். இறுக்கினால் அதன் கூர்முனை கெடும். கிண்ணத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் கடல்நீர் புகுந்திருக்கிறது. ஜெட்டைக் கம்பியால் குத்தக் கூடாது: பித்தளைத் துளை சற்றே பெரிதானாலும் கலவை மாறிவிடும். கிளீனர் தெளித்துக் காற்றழுத்தத்தால் ஊதுவதே முறை. பிடிவாதமான அடைப்புக்கு மெல்லிய நைலான் தூண்டில் நரம்பு போதும். மீண்டும் மாட்டும்போது பழைய கேஸ்கெட்டைத் தவிர்ப்பது நல்லது. அதன் வழியே புகும் காற்றும் இதே திணறலைத் தரும்.

இறுதிச் சரிக்கட்டலை மோட்டார் சூடான பின், படகைக் கட்டிவைத்து, கியரில் போட்டுச் செய்ய வேண்டும். நியூட்ரலில் மட்டும் சரிசெய்தால், கியர் விழுந்ததும் சுமை தாங்காமல் நின்றுவிடும். எரிபொருள் குறைந்த கலவையில் கார்புரேட்டர் 'தும்மும்'. மிகுந்தால் புகைந்து மந்தமாகும்.

பாக் விரிகுடாவின் இப்பகுதியில் கடற்புல் அடர்த்தி. 2022-இல் அறிவிக்கப்பட்ட 448 சதுர கிலோமீட்டர் கடற்பசு காப்பகம் இதனால் அமைந்ததே. அறுந்த புல் குளிர்நீர்த் துவாரத்தை அடைக்கும். ஐட்லிங்கில் மோட்டாரிலிருந்து வெளியேறும் நீர்த்தாரை மெலிந்திருந்தால், கார்புரேட்டரைத் தொடுமுன் அதை நீக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் திணறல் நீடித்தால் கம்ப்ரஷனை அளக்க வேண்டும். இரு சிலிண்டர்களுக்கிடையே பெரிய வேறுபாடு இருந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அதற்குக் கார்புரேட்டரில் தீர்வில்லை.