மருத்துவரும் செவிலியரும் சட்டத்தின் முன்னே

திருக்குறளில் 'மருந்து' என்பது தொண்ணூற்றைந்தாம் அதிகாரம். அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறார்: நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அதனை அருகிருந்து ஆக்கித் தருபவர். பரிமேலழகர் அவை ஒவ்வொன்றையும் மேலும் நந்நான்காக விரிக்கிறார். அருகிருப்பவர்க்கு அவர் வேண்டும் இயல்புகளுள், நோயாளியிடத்து அன்புடைமையும், சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வல்லமையும் அடங்கும். நோயாளிக்குரிய இயல்புகளுள் பொருளுடைமையும் ஒன்றென்று படிக்கும்பொழுது வகுப்பில் மாணவர்கள் சிரிப்பதுண்டு. மருத்துவமனைக் கட்டணச் சீட்டைக் கையில் வாங்கியவர் சிரிப்பதில்லை.

சொல்லியதைச் சொல்லியவாறு செய்யாமையால் விளைந்த கேடு ஒன்றை நம் உச்சநீதிமன்றம் 1998-ஆம் ஆண்டில் ஆராய நேர்ந்தது. 1993 டிசம்பரில், காய்ச்சலுற்ற சிறுவன் ஒருவன் தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். டைபாய்டு என்று கண்டு சிகிச்சை அளித்துவந்தனர். ஒருநாள் செவிலியர் கேட்ட ஊசிமருந்தைத் தந்தை வாங்கிவந்து கொடுத்தார். மருத்துவர் எழுதியது குளோராம்பெனிகால். செவிலியர் நரம்பில் செலுத்தியதோ மலேரியாவுக்குரிய குளோரோகுயின். ஓசையில் நெருங்கிய இரு பெயர்கள்! ஊசி ஏறிய அளவிலேயே தாயின் மடியில் இருந்த குழந்தை சுருண்டுவிட்டது. உயிர் பிழைத்தது, மூளை பிழைக்கவில்லை.

அச்செவிலியர் எந்த மாநிலத்துச் செவிலியர் மன்றத்திலும் பதிவு பெற்றவர் அல்லர் என்பது விசாரணையில் வெளிப்பட்டது. தாமே செய்யவேண்டிய பணியை அவரிடம் விட்ட உறைவிட மருத்துவரும் கவனக்குறைவுக்கு உள்ளானவர் என்றும், பணியாளர் செய்த பிழைக்கு அவரை அமர்த்திய மருத்துவமனையே விடை சொல்லவேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. குழந்தைக்குப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாயும், பெற்றோரின் மனத்துயருக்கு 5 இலட்சமும் வழங்கிய தேசிய ஆணையத்தின் தீர்ப்பு உறுதியாயிற்று. செவிலியரின் பிழை செவிலியரோடு முடிவதில்லை என்பதை இவ்வழக்கைப் போல் தெளிவாகக் காட்டுவது வேறொன்று இருப்பதாக நாம் அறியோம்.

இவ்வழக்கு நுகர்வோர் மன்றத்தின் வழியே சென்றது. அவ்வழி எளிதில் திறந்ததன்று. 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபொழுது, 'நாங்கள் வணிகர்கள் அல்லர்' என்று மருத்துவ உலகம் எதிர்த்தது. நம் சென்னை உயர்நீதிமன்றமும் 1994-இல், நோயறிதலும் சிகிச்சையும் அச்சட்டம் கூறும் சேவையில் அடங்கா என்றே தீர்ப்பளித்தது. 1995 நவம்பர் 13 அன்று உச்சநீதிமன்றம் அதனை மாற்றியது. கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவம் சேவையே. சிலரிடம் கட்டணமும் சிலருக்கு இலவசமும் என்று நடக்கும் மருத்துவமனையில் இலவசமாகச் சிகிச்சை பெற்றவரும் நுகர்வோரே. ஆனால் எல்லார்க்கும் இலவசமாகவே நடக்கும் மருத்துவமனை இச்சட்டத்துள் வாராது. பதிவுச் சீட்டுக்கு வாங்கும் சிறுதொகை கட்டணமாகக் கருதப்படாது. அங்கே பாதிக்கப்பட்டவர் உரிமையியல் நீதிமன்றத்தையே நாடவேண்டும். பொருளுடையார்க்கு விரைவான வாயிலும் இல்லார்க்கு நெடிய வாயிலும் என அமைந்த இந்நிலை நம் மனத்துக்கு ஒப்பவில்லை. பழைய சட்டத்தின் இடத்தில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பின்னும் இந்நிலை மாறவில்லை.

ஆயினும் நோயாளி இறந்தாலே மருத்துவர் குற்றவாளி என்று கொள்வது அறியாமை. அத்துறையில் சராசரித் தேர்ச்சியுடைய ஒருவர் காட்டும் கவனத்தை இவர் காட்டினாரா என்பதே கேள்வி. இவ்வளவுகோல் 1957-இல் இங்கிலாந்து வழக்கொன்றில் வகுக்கப்பட்டது. நம் நீதிமன்றங்களும் பெரிதும் அதனையே பின்பற்றுகின்றன. குற்றவியல் வழக்குக்கு இதுவும் போதாது. ஆக்சிஜன் உருளை வெறுமையாய் இருந்ததால் நோயாளி இறந்தார் என்று பஞ்சாபில் எழுந்த வழக்கில், 2005-இல் உச்சநீதிமன்றம், மிகக் கொடிய அளவிலான கவனக்குறைவு இருந்தாலன்றி மருத்துவரைக் குற்றவாளியாக்க இயலாது என்றது. தகுதியுள்ள மற்றொரு மருத்துவரின் கருத்தைப் பெறாமல் வழக்குத் தொடரலாகாது. மருத்துவரை வழக்கம்போல் கைது செய்தலும் ஆகாது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவித்தவர்க்கு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது அவ்வாறு செய்தால் இரண்டாண்டு வரை என்று குறைக்கிறது.

பதிவு பெற்றவர் என்னும் சொல்லைக் கவனிக்க. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து கேடு விளைந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளர் என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூத், நஸாயீ, இப்னுமாஜா ஆகிய தொகுப்புகளில் உள்ளது. கற்றவரின் பிழையையும் கல்லாதவரின் துணிச்சலையும் ஒரே தட்டில் வைக்கலாகாது என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். மருத்துவமனைக் கண்ணாடியை உடைத்து மருத்துவரை அடிப்பவர்களும் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். அச்செயலைத் தண்டிக்கத் தமிழகத்தில் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

இனி, ஒப்புதல். சென்ற ஆண்டு நம் துறை மாணவி ஒருவர் காகிதக் கட்டொன்றைக் கொண்டுவந்து, "ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். அவருடைய தாயார்க்கு ஓர் அறுவைச் சிகிச்சை நடந்து, புண் சீழ்பிடித்து, மீண்டும் அறுக்க நேர்ந்திருந்தது. தாயார் தமிழும் அரபுத்தமிழும் தடையின்றிப் படிப்பவர். ஒப்புதல் படிவமோ ஆங்கிலத்தில் இருந்தது. கீழே அவருடைய கணவரின் கையெழுத்து. என்ன அறுவை என்று எழுதவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

2008-இல் உச்சநீதிமன்றம் இதுகுறித்துத் தெளிவாகப் பேசியுள்ளது. டில்லியில் ஒரு பெண் பரிசோதனைக்காக மயக்கத்தில் ஆழ்த்தப்பட்டபொழுது, வெளியே இருந்த தாயின் சம்மதத்தைக் கேட்டு அவருடைய கருப்பையை அகற்றிவிட்டனர். தன்னறிவுள்ள வயதுவந்தவர்க்காக மற்றவர் சம்மதம் தர இயலாது. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தாலன்றி, ஒன்றுக்குத் தந்த ஒப்புதல் மற்றொன்றுக்கு ஆகாது என்பது தீர்ப்பு. இழப்பீடு மட்டும் இருபத்தையாயிரம் ரூபாய்!

மாணவியிடம் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டுப் பெறுமாறு கூறினோம். 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகளின்படி, உள்நோயாளியின் குறிப்புகளை மூன்றாண்டு காத்துவைத்தல் வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தருதல் வேண்டும். அவர் தமிழிலேயே விண்ணப்பம் எழுதி, பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக மறுபடியில் முத்திரை வாங்கினார். மூன்றாம் நாள் குறிப்புகள் வந்தன. மாவட்ட ஆணையத்தில் வழக்குரைஞர் இன்றியும் முறையிடலாம். செலுத்திய கட்டணம் 5 இலட்சத்துக்கு மேற்படாவிடின் மனுக்கட்டணமும் இல்லை. ஆனால் இரண்டாண்டுக்குள் முறையிடவேண்டும். எல்லா வழக்கிலும் வல்லுநர் சான்று கட்டாயமன்று என்று 2010-இல் உச்சநீதிமன்றம் கூறியிருப்பினும், இத்தகைய வழக்கு அஃதின்றி நிற்பது அரிது. இதுவரை இரு மருத்துவர்கள் அத்தாள்களைப் படித்துத் தலையசைத்தனர். எழுதித் தர இசையவில்லை. கெடு முடிய ஐந்து திங்கள் உள்ளன. மூன்றாமவர் ஒருவரை இப்பொழுது தேடிக்கொண்டிருக்கிறோம்.