சரிந்த மலையின் காற்று

பிரான்சின் தெற்கே, அவெரோன் மாவட்டத்தில், கொம்பாலு என்றொரு சுண்ணாம்புப் பாறை மேடு. மனிதர் எழுதிவைக்கத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே அதன் ஒரு பக்கம் சரிந்து இறங்கியது. அடியில் இருந்த களிமண் அடுக்கு வழுக்க, மேலே இருந்த பாறை பிடிமானம் இழந்து உடைந்து விழுந்தது. ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளத்துக்கும் 300 மீட்டர் அகலத்துக்கும் பாறைக் குவியல். உழுவதற்கு அங்கே மண் இல்லை. தலைக்கு மேல் செங்குத்தான பாறைச் சுவர் நிற்கிறது. குடியேற யாரும் தேர்ந்தெடுக்காத அந்த இடிபாட்டின் மேல்தான் ரோக்ஃபோர்-சுர்-சூல்சோன் என்ற சிற்றூர் தொற்றிக்கொண்டிருக்கிறது. ஆயிரம் பேர்கூட வசிக்காத ஊர். அதன் பெயரைத் தாங்கிய நீலப் பூஞ்சைச் சீஸோ கடல் கடந்து விற்கிறது.

அந்த ஊரை வாழவைப்பது மலை சரிந்தபோது பாறைகளுக்கு நடுவே விழுந்த வெடிப்புகள். ஊரார் அவற்றை ‘ஃப்ளெரீன்’ என்பார்கள். மழைநீர் சுண்ணாம்புப் பாறைக்குள் கசிந்துகொண்டே இருப்பதால் வெடிப்புகளின் சுவர் எப்போதும் ஈரம். அதைத் தடவி வரும் காற்றில் நீர் ஆவியாகிறது. ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. கோடையில் உள்ளே இருக்கும் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்கி வெளியேற, மேலிருந்து புதுக் காற்று உள்ளே இழுக்கப்படும். குளிர்காலத்தில் உள்காற்று வெளியைவிட வெதுவெதுப்பாக இருப்பதால் போக்கு தலைகீழாகும். இந்த வெடிப்புகளை ஒட்டி, பாறைக்குள் பல தளங்களாக நிலவறைகளைக் கட்டியிருக்கிறார்கள். ஆண்டு முழுவதும் அவற்றுக்குள் 8 முதல் 12 டிகிரி வரைதான் வெப்பம். ஈரப்பதம் 95 சதவீதத்தை ஒட்டி இருக்கும். வெடிப்பின் வாயில் சிறு கதவு வைத்து, அதைத் திறந்தும் மூடியும் காற்றை அளந்து விடுகிறார்கள். மின்சாரம் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அந்த ஊருக்குக் குளிர்பதனக் கிடங்கு வாய்த்துவிட்டது.

காதல் வயப்பட்ட ஓர் ஆட்டிடையன் ரொட்டியையும் தயிர்க்கட்டியையும் குகையில் மறந்துவிட்டுப் போனான், திரும்பி வந்தபோது கட்டிக்குள் நீலம் படர்ந்திருந்தது என்று கதை சொல்வார்கள். கதையில் ரொட்டி வருவது தற்செயல் அல்ல. பென்சிலியம் ரோக்ஃபோர்டி என்ற பூஞ்சையை ரொட்டியில்தான் வளர்த்துவந்தார்கள். கோதுமையும் ரை தானியமும் கலந்த பெரிய ரொட்டிகளைக் குகையில் வாரக்கணக்கில் வைத்து, பூஞ்சை உள்ளே முழுக்கப் பரவியதும் உலர்த்திப் பொடியாக்குவார்கள். அதை லக்கோன் இனச் செம்மறியின் காய்ச்சாத பாலிலோ, அந்தப் பால் உறைந்த கட்டியிலோ சேர்ப்பார்கள். இரண்டரை கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள ஒரு வட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் பால் வேண்டும். உப்பிட்ட வட்டை ஊசிகளால் துளையிடுவது முக்கியமான கட்டம். துளை வழியே கரியமில வாயு வெளியேறும், குகைக் காற்று உள்ளே போகும். காற்று எட்டிய இடைவெளியெல்லாம் பூஞ்சை வித்துகள் நீலமும் பச்சையுமாகப் பூக்கும். கொழுப்பு சிதைந்து அந்தக் காரமான மணம் எழும். குறைந்தது 14 நாள் குகையில் மூடாமல் வைத்து, பிறகு உலோகத் தாளில் சுற்றிக் குளிரில் வைக்கிறார்கள். மொத்தம் 90 நாளுக்குக் குறையாமல் முதிர வேண்டும்.

1411இல் மன்னர் ஆறாம் சார்ல்ஸ் இந்தச் சீஸை முதிரவைக்கும் உரிமையை இந்த ஊராருக்கே எழுதிக்கொடுத்தார். 1666இல் துலூஸ் நீதிமன்றம் போலிகளுக்குத் தண்டம் விதித்தது. 1925இல், பிறப்பிடப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்புப் பெற்ற முதல் பிரெஞ்சுச் சீஸ் இதுவே ஆனது. எனக்கு மிகவும் பிடித்தது 1961இல் மீயோ நகர நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. செய்முறையை வேறு ஊர்களிலும் பின்பற்றலாம். ஆனால் கொம்பாலுவின் இயற்கைக் குகையில் முதிர்ந்ததற்கு மட்டுமே ரோக்ஃபோர் என்ற பெயர். பூஞ்சையை எடுத்துப்போகலாம், பாலை எங்கும் கறக்கலாம். மலையின் காற்றை எடுத்துப்போக முடியாது என்பதை அந்த நீதிபதிகள் சட்டமாக்கினார்கள்.

குகை ஊருக்குள் என்றால், பால் சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறது. பக்கத்து லார்ஸாக் பீடபூமியில் மழைநீர் தங்காது; சுண்ணாம்புப் பாறை குடித்துவிடும். அங்கே விளைவது புல், அதை மேய்வது செம்மறி. 1971இல் அரசு அங்கிருந்த இராணுவ முகாமை விரிவாக்க முனைந்தபோது 103 விவசாயிகள் நிலத்தைத் தருவதில்லை என்று உறுதி எடுத்தார்கள். பாரிஸின் ஈஃபிள் கோபுரத்தடிக்கே ஆடுகளை ஓட்டிச்சென்று மேயவிட்டார்கள். பத்தாண்டுக்குப் பின், 1981இல், திட்டம் கைவிடப்பட்டது. 1999இல் வேறொரு அடி. ஹார்மோன் ஊட்டிய மாட்டிறைச்சியை ஐரோப்பா ஏற்க மறுத்ததற்குப் பதிலடியாக அமெரிக்கா ரோக்ஃபோர் மீது 100 சதவீத வரி போட்டது. மாட்டோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஆட்டுக்காரர்கள் கொதித்தெழுந்து, மீயோவில் கட்டிக்கொண்டிருந்த மெக்டொனால்ட்ஸ் உணவகத்தைப் பிரித்துப்போட்டார்கள்.

ரோக்ஃபோரின் நீலப் பூஞ்சையைப் பற்றி 2020இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று உண்டு. உலகின் மற்ற நீலச் சீஸ்களில் பயன்படும் வகை, வேகமாக வளர்வதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, கிட்டத்தட்ட ஒரே மரபுப் படியாகச் சுருங்கிவிட்டது. ரோக்ஃபோர் வகை சீஸில் மெதுவாகவே வளர்கிறது. ரொட்டியிலோ ஏராளமாக வித்து விடுகிறது. அதன் மரபணுக்களில் பன்மையும் கூடுதலாக எஞ்சியிருக்கிறது. உள்ளூர்ப் பூஞ்சையையே பயன்படுத்த வேண்டும் என்ற பிறப்பிட விதி அந்தப் பன்மையைக் காக்க உதவியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.