ஊசி குத்திய தோளும் இழப்பீட்டுச் சட்டமும்

தடுப்பூசி போட்டுக்கொண்ட அன்று மாலை உங்கள் கை சற்றுக் கனத்து வலித்திருக்கும். குத்திய இடம் லேசாகச் சிவந்து வீங்கியும் இருக்கலாம். ஒன்றிரண்டு நாட்களில் அது தானே மறைந்துவிடும். ஆகவே யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

ஆனால் மிக மிகச் சிலருக்கு அந்த வலி மறைவதில்லை. அப்படிப்பட்ட ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவரால் தலை வாரக் கையைத் தூக்க முடியவில்லை. அலமாரியின் மேல் தட்டிலுள்ள பொருளை எடுக்க முடியவில்லை. இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. மாதங்கள் கழிகின்றன. "ஊசியால் வந்த வினை" என்கிறார் அவர். "காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்" என்கின்றனர் மற்றவர்கள். இவற்றுள் எது சரி? ஊசிதான் காரணம் என்றால் அவருக்கு ஈடு செய்ய வேண்டியவர் யார்? ஊசி போட்ட செவிலியரா, மருந்து செய்த நிறுவனமா, போட்டுக்கொள்ளும்படி கூறிய அரசா?

இவ்வினாக்களுக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு சட்டம் விடை தந்துள்ளது. அந்த விடையை அறிய, முதலில் தோளின் அமைப்பைக் காண்போம்.

தோளுக்குள் ஒரு பை

தோளின் மேற்புறத்தைத் தடவிப் பாருங்கள். கை தொடங்கும் இடத்தில் கெட்டியான ஓர் எலும்பு முனை தட்டுப்படும். அதற்கு அக்ரோமியான் என்று பெயர். அதிலிருந்து கீழ்நோக்கி, தோளைப் போர்த்தியதுபோல் இறங்கும் முக்கோணத் தசை டெல்டாயிட் ஆகும். தடுப்பூசி போடுவதற்கு உரிய இடம் இத்தசையின் பருத்த நடுப்பகுதியே.

இயங்கும் இரு பரப்புகளுக்கு இடையே உராய்வு உண்டு என்பதை அறிவீர்கள். இயந்திரங்களில் அதைக் குறைக்க எண்ணெய் இடுகிறோம். உடலிலும் இதே ஏற்பாடு உள்ளது. டெல்டாயிட் தசைக்கும் அதன் அடியிலுள்ள தசைநாண்களுக்கும் இடையே வழவழப்பான நீர் கொண்ட மெல்லிய பை ஒன்று அமைந்துள்ளது. மருத்துவர்கள் இதனை பர்சா என்பர். கையை உயர்த்தும்போது தசைநாண்கள் உராயாமல் நழுவிச் செல்வது இப்பையினால்தான்.

இப்பை எவ்வளவு ஆழத்தில் உள்ளது? 2007-இல் போடோர், மாண்டால்வோ என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர், ஊசிக்குப் பின் தோள் பாதிக்கப்பட்ட இருவரைப் பற்றி எழுதினர். அவர்கள் கேளா ஒலி அலைகளால் அளந்து பார்த்தபோது, பர்சா தோலுக்கு அடியில் சுமார் 8 முதல் 16 மில்லிமீட்டர் ஆழத்தில் இருந்தது. அக்ரோமியான் முனைக்குக் கீழே 3 முதல் 6 சென்டிமீட்டர் வரை அது பரவியிருந்தது. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் பயன்படும் ஊசியின் நீளம் ஓர் அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர். கணக்கு எளியது. தோளின் உச்சிக்கு மிக அருகில் குத்தினால் ஊசி முனை தசையைக் கடந்து பையை எட்டிவிடும்.

எட்டினால் என்ன ஆகும்? தசையில் இரத்த ஓட்டம் மிகுதி. அங்கே இறங்கிய மருந்து விரைவில் பரவிக் கலந்துவிடுகிறது. பையோ மூடிய ஓர் அறை. உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டுவதுதான் தடுப்பு மருந்தின் வேலை. அந்தத் தூண்டல் மூடிய அறைக்குள் நிகழ்ந்தால், அழற்சி அங்கேயே தங்கி, சுற்றியுள்ள தசைநாண்களையும் பற்றிக்கொள்ளும் என்பது ஆய்வாளர் கருத்து. வெறும் ஊசிக் குத்து இதற்குப் போதாது. தோள் வலிக்குச் சிகிச்சையாக இதே பைக்குள் மருத்துவர்கள் மருந்து செலுத்துவதுண்டு. ஊசியின் இடம், மருந்தின் இயல்பு ஆகிய இரண்டும் சேர்ந்தே தீங்கு விளைவிக்கின்றன என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. பின்னர் எழுந்த வழக்காடலுக்கு இதுவே மையப் புள்ளி.

2010-இல் வெளியான மற்றோர் ஆய்வில் இத்தகைய 13 பேரின் விவரங்கள் தொகுக்கப்பட்டன. பெரும்பாலோருக்கு வலி 24 மணி நேரத்துக்குள் தொடங்கியிருந்தது. ஏறக்குறையப் பாதிப்பேர், ஊசி மிக உயரத்தில் போடப்பட்டதாகக் கூறியிருந்தனர். இக்கோளாறுக்கு 'தடுப்பூசி செலுத்துதலால் நேரும் தோள் காயம்' என்ற பொருளில் அமைந்த ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'சிர்வா' என்று பெயரிடப்பட்டது.

காகமா, காரணமா?

பதின்மூன்று பேரின் கதை சான்றாகுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தோள்வலி ஊசி போடாதவர்களுக்கும் வருகிறது. கோடிக்கணக்கானோர் ஊசி போட்டுக்கொள்ளும்போது, அவர்களுள் சிலருக்குத் தற்செயலாகவே மறுநாள் தோள்வலி தொடங்கும். தற்செயலையும் காரணத்தையும் எப்படிப் பிரிப்பது?

வழி ஒன்று உண்டு. ஊசி காரணம் இல்லையென்றால், வலி தொடங்கும் நாள் ஊசி போட்ட நாளைப் பற்றிக் கவலைப்படாது. எல்லா நாட்களிலும் ஏறக்குறையச் சமமாகப் பரவியிருக்கும். காரணம் என்றால் முதல் சில நாட்களில் குவிந்திருக்கும். 2016-17 பருவத்தில் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்ட பல லட்சம் பேரின் மருத்துவப் பதிவேடுகளைக் கொண்டு அமெரிக்காவில் இச்சோதனை செய்யப்பட்டது. முடிவு 2020-இல் வெளியாயிற்று. பர்சா அழற்சி என்று உறுதி செய்யப்பட்டவர்களுள், ஊசி போட்ட நாளும் அடுத்த இரு நாட்களுமாகிய 3 நாட்களில் வலி தொடங்கியவர்கள் 16 பேர். முப்பதாம் நாளிலிருந்து அறுபதாம் நாள் வரையிலான 31 நாட்களில் தொடங்கியவர்கள் 51 பேர்.

நீங்களே வகுத்துப் பாருங்கள். முன்னதில் நாளொன்றுக்கு 5.33 பேர், பின்னதில் 1.65 பேர். முதல் நாட்களில் மூன்று மடங்குக்கு மேல்! ஆகவே இது வெறும் காகமும் பனம்பழமும் அன்று. ஆயினும் தீங்கு எவ்வளவு அரிது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஊசியால் கூடுதலாக நேர்வது பத்து லட்சம் பேருக்குச் சுமார் 8 பேர் என்று அது மதிப்பிட்டது.

பத்து லட்சத்தில் எட்டு என்பது சிறிய எண். ஆனால் அந்த எட்டுப் பேரில் ஒருவருக்கு, வலி எட்டில் ஒரு பங்காக வருவதில்லை, முழுதாகவே வருகிறது. சட்டம் புகுவது இந்த இடத்தில்தான்.

சட்டம் பிறந்த கதை

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கக்குவான், தொண்டை அடைப்பான், இசிவு நோய் ஆகிய மூன்றுக்கும் எதிரான முத்தடுப்பூசியின் மேல் பலத்த குற்றச்சாட்டு எழுந்தது. குழந்தைகளின் மூளையை அது கெடுக்கிறது என்று பெற்றோர் வழக்குத் தொடர்ந்தனர். வழக்குகளுக்கு அஞ்சி நிறுவனங்கள் உற்பத்தியைக் கைவிட்டன. 1984-இல் அந்நாட்டில் முத்தடுப்பூசிக்குத் தட்டுப்பாடே ஏற்பட்டது.

அக்குற்றச்சாட்டு பிற்காலத்தில் பெரிதும் வலுவிழந்தது. 2006-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், தடுப்பூசியால் மூளை பாதிக்கப்பட்டதாகக் கருதப்பட்ட 14 பேரின் மரபணுக்களைச் சோதித்தனர். 11 பேரிடம் வலிப்பு நோய்க்குக் காரணமான மரபணு மாற்றம் இருந்தது. அங்கே பனம்பழம் விழுந்தது பெரும்பாலும் காகத்தால் அன்று! ஆனால் விஞ்ஞானம் இதைக் கண்டு சொல்ல இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நோயுற்ற குழந்தையும் காத்திருக்க முடியாது. தடுப்பூசி தேவைப்படும் நாடும் காத்திருக்க முடியாது. எனவே 1986-இல் அமெரிக்கப் பாராளுமன்றம் குழந்தைகள் தடுப்பூசிப் பாதிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 1988 அக்டோபரில் இழப்பீட்டுத் திட்டம் செயற்படத் தொடங்கியது.

அதன் அடிப்படை இது: பாதிக்கப்பட்டவர் யாருடைய குற்றத்தையும் நிரூபிக்க வேண்டியதில்லை. வழக்கில் எதிர்த்தரப்பு செவிலியரும் அல்லர்; நிறுவனமும் அன்று; அரசின் சுகாதாரத் துறைச் செயலாளரே. பணம் ஒரு தனி நிதியிலிருந்து வருகிறது. தடுக்கப்படும் நோய் ஒன்றுக்கு 75 சென்ட் வீதம் ஒவ்வொரு ஊசி மருந்துக்கும் வரி விதிக்கப்படுகிறது. ஃப்ளூ ஊசிக்கு 75 சென்ட். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா ஆகிய மூன்றையும் தடுக்கும் ஊசிக்கு இரண்டேகால் டாலர். ஊசியால் நன்மை பெறும் எல்லோரும் சிறு காசு போட்டு, தீமை பெற்ற ஒருவரைத் தாங்கும் ஏற்பாடு இது. நம் ஊரில் திருமணத்திற்கும் துக்கத்திற்கும் மொய் எழுதுவதைப் போன்றது எனலாம்.

வழக்கு நடக்கும் விதம்

மனுக்களை விசாரிப்பவர்கள் வாஷிங்டனிலுள்ள நீதிமன்றம் ஒன்றின் சிறப்பு அதிகாரிகள். அவர்கள் கையில் ஓர் அட்டவணை உண்டு. எந்த ஊசி, எந்தப் பாதிப்பு, எத்தனை நேரத்துக்குள் என்று அதில் குறிக்கப்பட்டிருக்கும். அட்டவணைக்குப் பொருந்தினால் ஊசியே காரணம் எனக் கொள்ளப்படும். இல்லையென்று காட்டும் பொறுப்பு அரசுடையது. பொருந்தாவிட்டால் மனுதாரரே மூன்று செய்திகளைக் காட்ட வேண்டும். ஊசி எப்படித் தீங்கு செய்யக்கூடும் என்பதற்கு ஒரு மருத்துவ விளக்கம், காரணத்திலிருந்து விளைவு வரை அறுபடாத தொடர்ச்சி, பொருத்தமான கால இடைவெளி. 2005-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று வகுத்த இம்மூன்றும் பௌதிக ஆய்வுக்கூடத்திலும் நாம் கேட்கும் கேள்விகளே அல்லவா?

2011-இல் அமெரிக்க மருத்துவக் கழகம், ஊசி செலுத்துதலால் பர்சா அழற்சி நேர்வதற்குச் சான்று உறுதியாக உள்ளது என்று அறிவித்தது. 2017 மார்ச்சில் தோள் காயம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. நிபந்தனைகள் நான்கு. அத்தோளில் முன்பு வலியோ கோளாறோ இருந்திருக்கக் கூடாது. வலி 48 மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும். வலியும் அசைவுக் குறைவும் ஊசி போட்ட தோளோடு நிற்க வேண்டும். வேறு காரணம் தென்படக் கூடாது. இவற்றோடு, பொதுவாகப் பாதிப்பு ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். முதல் அறிகுறியிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

வென்றவருக்கு மருத்துவச் செலவும் இழந்த ஊதியமும் கிடைக்கும். வலிக்கும் துயரத்திற்கும் 2,50,000 டாலர் வரை தரலாம். 1986-இல் விதித்த இந்த வரம்பு பல பத்தாண்டுகள் கழிந்தும் உயர்த்தப்படவில்லை என்பது திட்டத்தின் மேல் உள்ள ஒரு குறை. வழக்கறிஞர் கட்டணத்தை நிதியே தருகிறது. நேர்மையாகவும் தக்க ஆதாரத்துடனும் தொடுத்த வழக்கு தோற்றாலும் தரலாம்.

மருந்தின் குற்றமா, கையின் குற்றமா?

குழந்தைகளுக்காகப் பிறந்த சட்டத்தை நாடி வந்தவர்களில் பெரும்பாலோர் இப்போது பெரியவர்கள். 2017-க்குப் பின் வந்த மனுக்களில் ஏறக்குறையப் பாதி தோள் காயத்தைப் பற்றியவை. இதைக் கண்டு 2020 ஜூலையில் சுகாதாரத் துறை ஒரு வாதத்தை முன்வைத்தது. "இது மருந்தின் தீங்கு அன்று, ஊசியைத் தவறான இடத்தில் குத்தியதன் தீங்கு. தடுப்பூசி நிதி ஏன் இதற்கு ஈடு தர வேண்டும்?" என்பது அதன் சாரம். தோள் காயத்தை அட்டவணையிலிருந்து நீக்கும் விதி 2021 ஜனவரியில் வெளியிடப்பட்டது.

வாதம் நேர்த்தியாகத் தோன்றுகிறது. ஆனால் விளைவை எண்ணிப் பாருங்கள். நிதியின் கதவு அடைபட்டால் நோயாளி செவிலியர் மீதும் மருந்துக் கடைக்காரர் மீதும் வழக்குத் தொடுக்க வேண்டியிருக்கும். வழக்குக்கு அஞ்சுபவர் ஊசி போடத் தயங்குவார். 1984-இல் நிறுவனங்களுக்கு நேர்ந்தது இவர்களுக்கும் நேரும். மேலும், இடமும் மருந்தும் சேர்ந்தே காயம் விளைகிறது என்று முன்பு கண்டோம். அவ்விரண்டையும் கத்தி வைத்து வெட்டியதுபோல் பிரிப்பது எளிதன்று. அரசு மாறிய பின், 2021 ஏப்ரலில், நடைமுறைக்கு வருமுன்பே அவ்விதி திரும்பப் பெறப்பட்டது.

எல்லா ஊசிகளும் இந்நிதியில் அடங்குவதில்லை. அமெரிக்காவில் கொரோனாத் தடுப்பூசிகள் வேறொரு நெருக்கடிக் காலத் திட்டத்தின்கீழ் வைக்கப்பட்டன. அங்கே கெடு ஓராண்டுதான். வலிக்கு ஈடு இல்லை. வழக்கறிஞர் கட்டணமும் இல்லை. பிரிட்டனில் 1979 முதல் ஒரு சட்டம் உண்டு. ஆனால் பாதிப்பு 60 சதவீத ஊனம் என்ற அளவை எட்ட வேண்டும். தோள் வலி அந்த அளவை எட்டுவது அரிது. ஒரே காயம், நாட்டுக்கு நாடு, ஊசிக்கு ஊசி வேறு நீதி!

நீங்கள் செய்யக்கூடியது

இழப்பீட்டைவிடச் சிறந்தது காயம் நேராமல் காப்பதே. அதற்குப் பெரிய கருவிகள் வேண்டா. ஊசி போட்டுக்கொள்ளும்போது உட்கார்ந்துகொள்ளுங்கள். போடுபவரும் உட்கார்ந்திருப்பது நலம். நின்றுகொண்டு போடுபவரின் கை தோளின் உச்சியை நோக்கிச் செல்லக்கூடும். சட்டையின் கழுத்தை இழுத்துத் தோளின் மேற்பகுதியை மட்டும் காட்டாதீர்கள். கை முழுவதையும் திறந்து காட்டுங்கள். அக்ரோமியான் முனைக்குக் கீழே இரண்டு மூன்று விரற்கடை தள்ளி, அக்குள் மட்டத்துக்கு மேலே அமைந்த பருத்த தசையே சரியான இடம். சாதாரண வலி சில நாட்களில் தணியும். தணியாமல் கையைத் தூக்க முடியாது போனால் மருத்துவரிடம் செல்லுங்கள். எந்த நாள், எந்தக் கை, எந்த நேரத்தில் வலி தொடங்கியது என்பதைக் குறித்து வையுங்கள்.

இழப்பீடு தருவதால் தடுப்பூசி தீயது என்று ஆகிவிடாது. அந்நாட்டுத் திட்டத்தின் கணக்குப்படி, 2006 முதல் வழங்கப்பட்ட ஊசி மருந்துகளில் பத்து லட்சத்துக்கு ஒருவர் என்ற அளவிலேயே ஈடு பெற்றுள்ளனர். எல்லோருடைய நன்மைக்காகவும் ஒவ்வொருவரையும் கை நீட்டச் சொல்கிறது சமுதாயம். நீட்டிய கைகளில் ஒன்று நொந்தால், "அது உன் தலைவிதி" என்று திரும்பிக்கொள்ளாமல் அதைத் தாங்கிப் பிடிப்பதும் அச்சமுதாயத்தின் கடமையே. அதற்கு ஆகும் விலை, ஓர் ஊசிக்கு ஒரு நோய்க்கு 75 சென்ட்.