உரிமம் கையில், உரிமை எதுவரை?

புது தில்லி: வட மாநிலக் கிராமங்களில் தோளில் தொங்கும் இரட்டைக் குழல் துப்பாக்கி காவலுக்கு மட்டுமல்ல, குடும்ப அந்தஸ்துக்கும் அடையாளம். மத்திய உள்துறை அமைச்சகக் கணக்கின்படி 2016 டிசம்பர் 31-ஆம் தேதி நாட்டில் 33.69 லட்சம் துப்பாக்கி உரிமங்கள் இருந்தன. அவற்றில் 12.77 லட்சம் உத்தரப் பிரதேசத்தில் மட்டும். உரிமம் கோருவோர் வழக்கமாகக் கூறும் காரணம், தற்காப்பு.

ஆனால், ஆயுதச் சட்டம் 1959-இன் கீழ் வழங்கப்படும் உரிமம், துப்பாக்கியை வைத்திருக்க மட்டுமே அனுமதி தருகிறது. எப்போது சுடலாம் என்பதை வேறொரு சட்டம்தான் கூறுகிறது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள். இரண்டுக்கும் இடைப்பட்ட இடைவெளியை உரிமதாரர்களில் பலர் உணர்வது, சுட்ட பிறகுதான்.

அந்த இடைவெளியின் நீளத்தை பஞ்சாபைச் சேர்ந்த ஒரு குடும்பம் அறியும். 1991-இல் அங்கு ஒரு கிராமத்தில் உறவினரிடையே நிலத் தகராறு முற்றியது. தந்தையின் தலையில் கண்டாசா எனப்படும் நீண்ட பிடியுள்ள வெட்டுக் கத்தி விழுந்ததைக் கண்ட மகன், தன் துப்பாக்கியால் சுட்டார். வெட்டியவர் இறந்தார். விசாரணை நீதிமன்றம் மகனை விடுவித்தது. உயர் நீதிமன்றமோ கொலைக் குற்றவாளி என்றது. "தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் அரசு' என்ற அந்த வழக்கில், நீதிபதிகள் தல்வீர் பண்டாரி, அசோக் குமார் கங்குலி ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு 2010 ஜனவரியில் விடுதலையை மீண்டும் உறுதி செய்தது. துப்பாக்கி வெடித்தது ஒரு நொடியில். அது நியாயம் என நிலைநாட்டப் பிடித்த காலம் சுமார் 19 ஆண்டுகள்.

ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் எழும்போதே தற்காப்புரிமை தொடங்கிவிடுகிறது. அடி விழும் வரை காத்திருக்கத் தேவையில்லை என்று அத்தீர்ப்பு விளக்கியது. அச்சம் நீங்கியதும் உரிமையும் முடிகிறது. உயிருக்குப் போராடுபவர் தன் எதிர்ப்பைத் தராசில் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதை நீதிமன்றங்கள் ஏற்கின்றன. ஆனால், கீழே விழுந்தவர் மீதோ, ஆயுதத்தைப் போட்டுவிட்டு ஓடுபவரின் முதுகிலோ பாயும் இரண்டாவது தோட்டாவுக்கு அந்தச் சலுகை கிடைப்பது அரிது. அது பழிவாங்கலாகவே பார்க்கப்படும். போலீஸ் உதவியை நாட அவகாசம் இருந்தாலும் இந்த உரிமை எழாது.

சொத்து விஷயத்தில் வரம்பு இன்னும் குறுகியது. கொள்ளை, இரவில் வீட்டை உடைத்துப் புகுதல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல் போன்றவற்றில் உயிர் பறிக்கும் அளவுக்குச் சட்டம் இடம் தருகிறது. தோப்பில் தேங்காய் திருடியவனைச் சுட்டுக் கொல்ல இடமில்லை.

தற்காப்புக்காகவே சுட்டதாகக் காட்டும் பொறுப்பு சுட்டவருடையது. அரசுத் தரப்பைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. தன் கூற்றே நடந்திருக்க அதிக வாய்ப்புண்டு என்று காட்டினால் போதும். அதற்கும்கூட காயங்கள், சுட்ட தூரம், எத்தனை தோட்டாக்கள், உடனே போலீஸுக்குத் தகவல் தரப்பட்டதா என்பவையே சாட்சி பேசும்.

ஆயுத விதிகள் 2016, விண்ணப்பதாரர் பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. துப்பாக்கியைக் கையாளுவது, எடுத்துச் செல்வது, பத்திரமாக வைப்பது ஆகியவை அதில் அடங்கும். உரிமம் தாத்தா காலத்துச் சொத்து போலக் கருதப்படும் ஊர்களில், பயிற்சிச் சான்றிதழை வெறும் காகிதமாக நினைப்போரும் உண்டு. 2016 டிசம்பரில் பஞ்சாபின் பட்டிண்டா மாவட்டம் மௌர் மண்டியில், திருமண விழாவில் பாய்ந்த தோட்டா மேடையில் ஆடிக்கொண்டிருந்த பெண்ணின் உயிரைப் பறித்தது. அங்கே தாக்க வந்தவர் எவருமில்லை. பிறர் உயிருக்கு ஆபத்து நேரும் வகையில் கொண்டாட்டமாகச் சுடுவோருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என 2019-இல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டது. ஒருவர் வைத்திருக்கக் கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையும் அப்போதுதான் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது.