காத்திருக்கத் தெரிந்த முட்டை

நாட்டுக்கோழி ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு முட்டை இடுவதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இட்டுச் சேர்த்த பிறகுதான் அடையில் உட்காருகிறது. முதல் முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் அத்தனை நாள் இடைவெளி இருந்தும், 21ஆம் நாள் வாக்கில் எல்லாக் குஞ்சுகளும் ஏறக்குறைய ஒன்றாகவே வெளியே வந்துவிடுகின்றன. அப்படியானால் முதல் முட்டை இத்தனை நாளும் என்ன செய்துகொண்டிருந்தது?

காத்திருந்தது. சேவலோடு சேர்ந்த கோழியின் முட்டை, இடப்படும்போதே ஒரு நாள் வயதுள்ள உயிர். ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ் சூடுள்ள தாயின் வயிற்றுக்குள்ளேயே கரு பல ஆயிரம் செல்களாகப் பெருகிவிட்டிருக்கும். வெளியே வந்து ஆறியதும் வளர்ச்சி நின்றுவிடுகிறது. 20, 21 டிகிரிக்குக் கீழே இருந்தால் கரு அப்படியே உறங்கும். தாய் மேலே உட்கார்ந்து சூடு ஏறியதும் எல்லா முட்டைகளும் ஒரே புள்ளியிலிருந்து வளரத் தொடங்கும்.

கள்ளக்குறிச்சியில் முட்டை வைத்துக் குஞ்சு எடுக்க நினைப்பவர்கள் முதலில் மனத்தில் வாங்கவேண்டியது இதைத்தான். இங்கே கோடையில் பகல் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டும் நாள்கள் உண்டு. கருணாபுரத்துச் சிமென்ட் ஷீட் வீடு ஒன்றில், கூரைக்குப் பக்கத்துப் பரணில் வைத்த முட்டையால் உறங்க முடியாது. பகல் சூட்டில் கொஞ்சம் வளரும், இரவில் தேங்கும், மறுநாள் மறுபடி தொடங்கும். இப்படி அரைகுறையாக வளர்ந்த கரு, அடை வைப்பதற்கு முன்பே செத்துப்போகிறது. பிறகு கூமுட்டை என்று கோழியைக் குறை சொல்கிறோம். அதே முட்டை கல்வராயன் மலைமேல் கரியாலூரிலோ வெள்ளிமலையிலோ இருந்தால், அந்தக் குளிர்ச்சியில் இன்னும் நன்றாகக் காத்திருக்கும்.

சமவெளியில் இருப்பவர்களுக்கு மண்பானை கைகொடுக்கும். ஈர மணலில் பானையைப் பதித்து, கூர்முனை கீழே இருக்கும்படி முட்டைகளை அதில் அடுக்கி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வைக்கலாம். மணலின் ஈரம் ஆவியாகும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அப்போதும் ஒரு வாரத்துக்கு மேல் சேர்த்து வைக்க வேண்டாம். முட்டையைக் கழுவவும் கூடாது. கிருமி நுழையாமல் ஓட்டின் மேல் படிந்திருக்கும் மெல்லிய பூச்சு போய்விடும்.

இனி அடை. அடைக்கு வரும் கோழியின் வயிற்றில் இறகு உதிர்ந்து, இரத்த ஓட்டம் மிகுந்த வெறுந்தோல் முட்டையைத் தொடுகிறது. அலகால் முட்டைகளை அடிக்கடி புரட்டுகிறது. தீனிக்கும் தண்ணீருக்கும் சிறிது நேரம் எழுந்து போய்வருகிறது. இந்த வேலையை மனிதரும் வெகுகாலமாகச் செய்துவருகிறார்கள். எகிப்தில் மண் அடுப்புகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரித்தவர்களிடம் வெப்பமானி இல்லை. முட்டையை எடுத்துக் கண்ணிமைமேல் வைத்தே சூடு சரியா என்று அறிந்தார்கள்.

இன்று தெர்மாகோல் பெட்டி, குண்டு பல்பு, தெர்மோஸ்டாட், சிறு மின்விசிறி, தண்ணீர்க் கிண்ணம் இருந்தால் வீட்டிலேயே இன்குபேட்டர் தயார். விசிறி உள்ள பெட்டிக்குள் 37.5 முதல் 37.8 டிகிரி வரை இருக்கவேண்டும். பல்பு சூடேற்றும், குளிரவைக்காது. அறையே 39 டிகிரியில் கொதித்தால் தெர்மோஸ்டாட் விளக்கை அணைத்தும் பயனில்லை. ஆகவே வீட்டிலேயே குளிர்ந்த அறைதான் பெட்டிக்கு இடம். கரு சில மணி நேரக் குளிர்ச்சியைத் தாங்கும். மிகுந்த சூட்டைத் தாங்காது.

முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் குறியிட்டு, நாளுக்கு மூன்று அல்லது ஐந்து முறை புரட்டவேண்டும். புரட்டாவிட்டால் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். ஒற்றைப்படையில் புரட்டினால் நீண்ட இரவுப் பொழுதில் தினமும் ஒரே பக்கம் மேலே இருக்காது. ஏழாம் நாள் இருட்டறையில் முட்டையின் அகன்ற முனையில் டார்ச் அடித்துப் பாருங்கள். உயிருள்ள முட்டையில் நடுவே ஒரு கரும்புள்ளி, அதைச் சுற்றிச் சிலந்திக் கால்கள் போலச் சிவந்த இரத்தக் குழாய்கள். கருவின் இதயம் மூன்றாம் நாளுக்குள்ளேயே துடிக்கத் தொடங்கியிருக்கும். வெளிச்சம் தெளிவாக ஊடுருவினால் அதில் கரு இல்லை.

ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. பிராணவாயு அவற்றின் வழியாக உள்ளே போகிறது, ஈரம் வெளியேறுகிறது. ஈரம் போன இடத்தில், அகன்ற முனையில், காற்றறை பெரிதாகிறது. 45 கிராம் முட்டை 18ஆம் நாளில் ஏறத்தாழ 40 கிராமாக இருந்தால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று பொருள். ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதம் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே ஈரமாக இருப்பதால் கிண்ணத்துத் தண்ணீரைக் குறைக்கவேண்டும். ஈரம் மிகுந்தால் காற்றறை சிறுத்துவிடும். குஞ்சுக்கு மூச்சு முட்டும்.

அடைக்கூடையில் இரும்புத் துண்டும் கரியும் மிளகாயும் போடுவது நம் வீட்டு வழக்கம். இடி இடித்தால் முட்டை கெடும் என்ற அச்சம்தான் காரணம். ஓசை கருவைக் கொல்வதில்லை. ஆனால் இடியோடு வரும் மழை கூடையை நனைத்தால் முட்டை கெடும். இன்குபேட்டருக்கோ இடி என்றால் மின்தடை. அப்போது காற்றுத் துளைகளை அடைக்காமல் பெட்டியைப் போர்வையால் மூடுங்கள். கடைசி வாரத்தில் குஞ்சுகள் தாமே சூடு உண்டாக்கும். அவற்றுக்குக் காற்றுதான் முக்கியம்.

18ஆம் நாள் புரட்டுவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65 சதவீதத்துக்கு மேல் உயர்த்தவேண்டும். பிறகு பெட்டியைத் திறக்கக் கூடாது. உள்ளே குஞ்சு அலகால் காற்றறையின் சவ்வைக் கிழித்து முதல் மூச்சை இழுக்கிறது. அலகு நுனியில் இதற்கென்றே வளர்ந்த சிறு பல்லால் ஓட்டைக் கீறுகிறது. முதல் கீறலிலிருந்து வெளியே வர 12 முதல் 24 மணி நேரம்கூட ஆகலாம். இரக்கப்பட்டு ஓட்டை உரித்துவிடாதீர்கள். சவ்வில் இன்னும் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். மிச்ச மஞ்சள் கரு வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்திருக்காது. அது சேர்ந்த பிறகு வரும் குஞ்சு, இரண்டு நாள் தீனியில்லாமலும் தாங்கும். பின்தங்கிய முட்டைகளுக்காகத் தாய் கூட்டிலேயே உட்கார முடிவதும், ஒருநாள் குஞ்சுகளை நாமக்கல்லிலிருந்து வண்டியேற்றி வெகுதூரம் அனுப்ப முடிவதும் இதனால்தான்.

குஞ்சு எடுப்பதன் பாதி வெற்றி, பெட்டியின் சுவிட்சைப் போடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. முட்டை இட்ட அன்றே பென்சிலால் அதில் தேதி எழுதி, வெயில் எட்டாத இடத்தில் வையுங்கள். சித்திரை, வைகாசியில் இந்த ஒரு வேலையைத் தவறாமல் செய்தாலே கூமுட்டைகள் குறையும்.